பதினெட்டு முடிந்த பிள்ளைக்கு அரசு உதவித்தொகை: தகுதியை எப்படிப் பார்க்கிறார்கள்?

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்கியாயிற்று. இப்போது வயது 18. இனி பென்ஷன் வந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் காத்திருப்பார்கள். ஆறு மாதம் போகும், ஒரு வருடம் போகும், ஒன்றும் வராது. விசாரித்துப் பார்த்தால் யாரும் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள். அட்டை கையில் இருந்தால் பணம் தானாக வரும் என்ற நினைப்பு அவ்வளவு ஆழமாக இருக்கிறது.

தகுதி இருக்கிறதா என்று பார்க்கும்போது அரசு மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறது. பாதிப்பு எவ்வளவு? வயது என்ன? வீட்டு நிலைமை எப்படி? முதல் கேள்விக்கு மருத்துவர் பதில் சொல்கிறார். இரண்டாவதற்குப் பிறப்புச் சான்றும் ஆதாரும். மூன்றாவதற்கு வில்லேஜ் ஆபீசும் தாலுகா ஆபீசும். இந்த மூன்று இடத்தாரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. ஓர் இடத்தில் வாங்கிய பதிலை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது குடும்பம்தான். இது பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சதவீதம் எப்படி வருகிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதற்கு முந்தைய 1995 சட்டம் 7 வகைப் பாதிப்புகளைத்தான் கணக்கில் எடுத்தது. புதிய சட்டத்தில் 21 வகைகள். ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, ஹீமோபிலியா, தலசீமியா, பார்கின்சன் எல்லாம் இப்போது பட்டியலில் இருக்கின்றன. முன்பு எப்போதோ 'இதற்கெல்லாம் அட்டை கிடையாது' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. பாதிப்பு 40 சதவீதமாவது இருந்தால்தான் உதவித்தொகை, இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கான கதவு திறக்கும். இந்த 40-ஐ மருத்துவர் மனம்போனபடி போடுவதில்லை. ஒவ்வொரு வகைக்கும் மத்திய அரசு வெளியிட்ட அளவீட்டு முறை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல், சதவீதத்தை முடிவுசெய்யும் மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டுக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் மனம் உடைந்து திரும்புகிறார்கள்.

உதாரணத்துக்கு, ஒரு கண் முழுக்கப் பார்வை இழந்து மற்றக் கண் நன்றாக இருந்தால் கணக்கு 30 சதவீதம்தான் வரும். பிள்ளைக்கு ஒரு கண்ணே போய்விட்டதே என்று வீட்டில் அழுதிருப்பார்கள், சான்றிதழிலோ 40 வராது. வேதனையாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே நின்று மருத்துவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. அட்டவணை அப்படி.

இன்னொன்று, இரண்டு பாதிப்பு இருந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது. கால் பாதிப்பு 50, காது பாதிப்பு 30 என்றால் மொத்தம் 80 என்று வீட்டில் கணக்குப் போடுவோம். போர்டு போடும் கணக்கு வேறு. பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, 90-இலிருந்து அதைக் கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு 90-இல் 50 போக 40. அதை 30-ஆல் பெருக்கினால் 1200. 90-ஆல் வகுத்தால் 13 சொச்சம். ஆக மொத்தம் 63. சில திட்டங்களுக்கு 75 வேண்டும், சிலவற்றுக்கு 80 வேண்டும். அதனால் இந்த வித்தியாசம் கையில் வரும் காசையே மாற்றிவிடும்.

அறிவுசார் குறைபாட்டுக்கு அளவீடு படிப்படியாக இருக்கிறது. லேசானது என்றால் 50 சதவீதம், மிதமானது 75, கடுமையானது 90, மிகக் கடுமையானது 100. எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு 25, அதாவது உதவித்தொகைக்குத் தேறாது. இடையில் 60, 65 என்றெல்லாம் கிடையாது. ஒரு படி ஏறினாலோ இறங்கினாலோ 15, 25 என்று தாவும். அந்தப் படியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பெற்றோரிடம் கேட்கும் கேள்விகள்தான். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

'எல்லாம் செய்வான் சார்'

மனநல மருத்துவரோ உளவியலாளரோ அம்மாவை உட்காரவைத்துக் கேட்பார். இரண்டு மூன்று கேள்வி கேட்பதற்குள் நம் ஊர் அம்மாமார் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

"தனியா குளிப்பானா?"

"குளிப்பான் சார்."

"சோப்பு அவனே போடுவானா?"

"சோப்பு நான் போட்டுவிடுவேன். தண்ணி அவனே கோரி ஊற்றுவான்."

"கடைக்குப் போவானா?"

"போவான் சார், நேத்துகூட மரச்சீனி வாங்கிட்டு வந்தான்."

"மீதிக் காசு எண்ணி வாங்குவானா?"

"கடைக்காரர் தெரிஞ்சவர்தான். நான் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டா அவரே சாமானையும் மிச்சக் காசையும் பையில போட்டு அனுப்பிருவாரு."

அந்தக் கடைசிப் பதிலைக் கேட்டு வாங்கும் அளவுக்கு எல்லா இடத்திலும் நேரம் கிடைப்பதில்லை. வெளியே வரிசை நிற்கும். 'குளிப்பான், கடைக்குப் போவான்' என்பதோடு நின்றுவிட்டால் பிள்ளை தாளில் ஒரு படி மேலே ஏறிவிடுவான், சதவீதம் இறங்கிவிடும். இல்லாததைச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை, அது தவறு, பிடிபடவும் செய்யும். இருப்பதை முழுதாகச் சொல்லுங்கள் என்கிறேன். யார் துணை நிற்கிறார்கள், எத்தனை தடவை நினைவூட்ட வேண்டும், துணை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே தேவையான விவரம். பதினெட்டு வருடமாகக் கூடவே செய்து பழகியதால் தாங்கள் செய்யும் உதவியே அம்மாக்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. போவதற்கு முந்தின வாரம் ஒரு நாள் காலையிலிருந்து ராத்திரிவரை பிள்ளைக்கு என்னென்ன செய்துகொடுக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பல் தேய்க்கப் பேஸ்ட் பிதுக்கிக் கொடுப்பது, சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது, மீனில் முள் எடுத்துக் கொடுப்பது, பஸ்ஸில் இறங்கும் இடம் சொல்வது. தாள் நிறைந்துவிடும். அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

மனநோய்க்கும் இதே மாதிரி ஓர் அளவீடு உண்டு. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பக்கமும் பார்ப்பார்கள், நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதையும் சேர்ப்பார்கள். தீவிர மனநோய் பல பேருக்குத் தலைகாட்டுவதே 18-லிருந்து 25-க்குள்தான். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பையன் திடீரென்று அறையை விட்டு வெளியே வராமல் போனால், அதற்கும் சான்று உண்டு, உதவித்தொகைக்கு வழி உண்டு என்று நிறைய வீடுகளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று ஒதுங்குவார்கள். பார்த்த மருத்துவரின் சீட்டுகளைத் தேதி வாரியாக எடுத்து வைத்திருந்தால் பின்னால் கேட்கும்போது கையைப் பிசைய வேண்டியதில்லை.

மதிப்பீட்டுக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரும்பாலும் போகும் இடம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. விண்ணப்பம் யூடிஐடி என்ற தனித்துவ அடையாள அட்டைக்கான மத்திய அரசின் இணையதளத்தில் போட வேண்டும். வீட்டில் முடியாவிட்டால் இ-சேவை மையத்தில் போட்டுத் தருவார்கள். 2021 ஜூன் முதல் சான்றிதழையே இந்த இணையதளம் வழியாகத்தான் தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 2024 அக்டோபரில் விதிகளைத் திருத்தியபோது அட்டைக்கு நிறம் வந்தது. 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். இதுபோக, தமிழ்நாட்டில் பழைய புத்தக வடிவ அடையாள அட்டையும் பலர் கையில் இருக்கிறது. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிடாதீர்கள்.

18-இல் என்ன மாறுகிறது

சான்றிதழை எடுத்து 'செல்லுபடியாகும் காலம்' என்ற வரியைப் பாருங்கள். சிறு வயதில் வாங்கிய சான்று பல வகைகளில் தற்காலிகமானது. அறிவுசார் குறைபாட்டுக்கு 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். கற்றல் குறைபாட்டுக்கு 14, 18. 18-இல் வாங்குவதுதான் ஆயுள் முழுக்கச் செல்லும். பத்து வயதில் எடுத்த சான்றை வைத்துக்கொண்டு இருபது வயதில் விண்ணப்பித்தால் அது காலாவதியான தாள்.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடக்கும். பள்ளி வயதில் பிள்ளையைத் தேடி முகாம் வந்தது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் ஒன்றியம்தோறும் மருத்துவர்களை வரவழைத்து 18 வயதுக்குட்பட்டவர்களைப் பரிசோதிப்பார்கள். தக்கலை, முஞ்சிறை, மேல்புறம், ராஜாக்கமங்கலம் என்று எந்த ஒன்றியமானாலும் சிறப்பாசிரியர் வீட்டுக்கே போன் போட்டு, "நாளைக்கு முகாம், கூட்டிட்டு வந்துருங்க" என்பார். 18 முடிந்ததும் அந்தப் போன் நின்றுவிடும். அப்புறம் நாம்தான் தேடிப் போக வேண்டும். அதனால் பதினேழரை வயதிலேயே அந்தச் சிறப்பாசிரியரைப் பிடித்து, பிள்ளையின் பழைய பரிசோதனைத் தாள்களின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதார் ஒரு தொல்லை. 15 வயதுக்கு மேல் கைரேகையும் கண் பதிவும் மறுபடி கொடுக்க வேண்டும். பிள்ளையைக் கூட்டிப்போவது சிரமம் என்று பல வீடுகளில் தள்ளிப்போட்டிருப்பார்கள். விரல் மடங்கி இருக்கும், பிள்ளை ஓர் இடத்தில் உட்காராது, காரணம் நியாயமானதுதான். ஆனால் உதவித்தொகை ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். ஐந்து வயதுக் கைரேகையை வைத்துக்கொண்டு எந்த இயந்திரமும் அடையாளம் காணாது.

வங்கிக் கணக்கும் அப்படித்தான். மைனர் கணக்காக அம்மா பெயரோடு சேர்த்துத் திறந்ததை 18-இல் மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். கையெழுத்துப் போட வராதவர் கைரேகை வைக்கலாம்.

பணம் இரண்டு கதவு வழியாக வருகிறது

இங்கேதான் பெரிய குழப்பம். எல்லாவற்றையும் சேர்த்து 'ஓஏபி', அதாவது முதியோர் பென்ஷன் என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இரண்டு துறைகள், இரண்டு தொகைகள்.

முதல் கதவு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. இங்கே கிடைப்பதன் பெயர் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2000 ரூபாய். அறிவுசார் குறைபாடு 40 சதவீதம் இருந்தாலே இதற்குக் கேட்கலாம். தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு ஆகியவற்றுக்கும் 40 போதும். முதுகுத்தண்டுவடக் காயம், பார்கின்சன் போன்றவற்றுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. கை, கால் போன்ற மற்றப் பாதிப்பு என்றால் 'கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்' என்ற பிரிவில்தான் வர வேண்டும், அதற்கு 75 சதவீதமாவது வேண்டும். இதற்கு வயது வரம்பு தடையில்லை, சின்னப் பிள்ளைகளுக்கே கிடைக்கிறது. போக வேண்டிய இடம் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். படுக்கையிலேயே இருப்பவர், எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டியவர் என்றால், பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் 1000 ரூபாய் கூடுதலாகத் தரும் ஏற்பாடும் அங்கேயே உண்டு. அதையும் சேர்த்தே கேளுங்கள். கேட்காவிட்டால் அங்கே யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

இரண்டாவது கதவு வருவாய்த்துறை. மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 2023 ஜனவரி முதல் மாதம் 1500 ரூபாய். இதற்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், 40 சதவீதம் இருக்க வேண்டும். மூன்றாவது கேள்வி முழு வேகத்தில் வருவதும் இங்கேதான். வருமானம் என்ன, சொத்து என்ன, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்று வில்லேஜ் ஆபீசர் வந்து விசாரிப்பார். அவருக்கு மேல் ஆர்ஐ என்ற வருவாய் ஆய்வாளர், அப்புறம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார். விண்ணப்பத்தை இ-சேவையில் போட்டாலும் கோப்பு தாலுகாவுக்குத்தான் போகும். தோவாளை தாலுகாக்காரர்களுக்குப் பூதப்பாண்டி, கல்குளத்துக்குத் தக்கலை, விளவங்கோட்டுக்குக் குழித்துறை. கிள்ளியூரும் திருவட்டாரும் தனித் தாலுகாவாகப் பிரிந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. கருங்கல் பக்கம் இருந்துகொண்டு பழைய நினைப்பில் குழித்துறைக்கு நடையாய் நடக்கிறவர்கள் உண்டு.

80 சதவீதம் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று சிலர் கேட்பார்கள். இந்திரா காந்தி பெயரில் மத்திய அரசுக்கு ஓர் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 80 சதவீதத்துக்கு மேல் பாதிக்கப்பட்ட, 18 முதல் 79 வயதுக்காரர்களுக்கு மத்திய அரசு 300 ரூபாய் கொடுக்கும், மீதியை மாநிலம் போடும். பயனாளி கைக்கு வருவது ஒரே தொகைதான். ஆக, 80 இல்லை என்பதற்காக யாரும் விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம், மாநில ஓய்வூதியத்துக்கு 40 போதும்.

இரண்டு கதவிலும் ஒரே ஆள் வாங்க முடியாது. 2000 வாங்குகிறவருக்கு 1500 கிடையாது. அதனால் எதற்குத் தகுதி என்று முதலில் பார்த்துவிட்டு ஒன்றில் போடுங்கள். குலசேகரம் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவனுக்கு லேசான அறிவுசார் குறைபாடு, 50 சதவீதம். இளையவளுக்கு ஒரு கால் பாதிப்பு, 60 சதவீதம். எண்ணைப் பார்த்தால் இளையவளுக்குத்தான் அதிகம். ஆனால் 2000-க்குத் தகுதி மூத்தவனுக்கு. இளையவள் 18 ஆனபின் வருவாய்த்துறையில்தான் கேட்க முடியும். வகை தெரியாமல் சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் இது புரியாது, பக்கத்து வீட்டுக்காரன் ஆள் பிடித்து வாங்கிவிட்டான் என்றுதான் தோன்றும்.

படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் இளைஞர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. நாகர்கோவில் கோணத்தில் உள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஒரு வருடம் ஆகியிருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான வேலையற்றோர் உதவித்தொகை கேட்கலாம். பத்தாம் வகுப்புவரை 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டதாரிக்கு 1000 ரூபாய், 10 ஆண்டுகள்வரை. அதனால் பள்ளிச் சான்றிதழ் கைக்கு வந்த உடனே பதிவு போட்டுவிடுவது புத்திசாலித்தனம், அந்த ஒரு வருடம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். கால்கள் பாதித்தவர்களுக்கு இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர், சுயதொழில் கடன், உயர்கல்வியில் 5 சதவீதம், அரசு வேலையில் 4 சதவீதம் இட ஒதுக்கீடு ஆகியவை தனிக் கதை.

கையெழுத்து யாருடையது

18 முடிந்த அன்று சட்டத்தின் கண்ணில் அவர் பெரியவர். அப்பா அம்மா அவருக்காகக் கையெழுத்துப் போட முடியாது. கால் பாதித்தவர், கண் தெரியாதவர், காது கேளாதவர் என்றால் இதில் பிரச்சினையே இல்லை, அவர்களே போடுவார்கள். 'அவளுக்கு என்ன தெரியும், நான் போடுறேன்' என்று அப்பா பேனாவை வாங்குவதைப் பல இடங்களில் பார்க்கலாம். விடுங்கள், அவள் போடட்டும்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நான்கு பிரிவுக்கு மட்டும் 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் நியமனம் கேட்கலாம். கோர்ட்டுக்குப் போக வேண்டாம். கலெக்டர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இருக்கிறது. அதில் பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பார்கள். பெற்றோர் அங்கே விண்ணப்பித்துச் சான்று வாங்கினால் வங்கிகள் அதை ஏற்கும். ஆனால் பொறுப்பும் சேர்ந்தே வரும். பிள்ளை பெயரில் உள்ள சொத்து விவரத்தை நியமனமான ஆறு மாதத்துக்குள் குழுவுக்குக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் கணக்குக் காட்ட வேண்டும். மாதாமாதம் வரும் உதவித்தொகையை எடுப்பதற்காக மட்டும் இதற்கு ஓட வேண்டியதில்லை. தாத்தா எழுதிவைத்த தென்னந்தோப்பில் பிள்ளைக்குப் பங்கு இருக்கிறது, தனக்குப் பிறகு யார் என்ற கவலை வந்துவிட்டது என்றால் அப்போது இது கட்டாயம். மனநோய் இந்தச் சட்டத்துக்குள் வராது.

அப்பா அம்மாவின் பென்ஷன்

குமரி மாவட்டத்தில் வாத்தியார் வீடுகளும் அரசு ஊழியர் வீடுகளும் நிறைய. அந்த வீடுகளில் 1500, 2000-ஐ விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, கவனிக்கிறவர்கள் குறைவு. அரசு ஊழியரும் துணைவரும் காலமான பிறகு, சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவு பாதிப்புள்ள மகனுக்கோ மகளுக்கோ ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி இருக்கிறது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பிள்ளையின் பெயரையும் சான்றையும் ஓய்வூதியக் கோப்பில் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் அண்ணனோ சித்தப்பாவோ அந்தப் பாதிப்பு எப்போதிலிருந்து இருக்கிறது என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும்.

அரசு வேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் அம்மாக்களுக்கும் ரப்பர் தோட்டத் தொழிலாளர்களுக்கும் பிஎஃப் பிடிக்கிறார்கள். அதோடு வரும் 1995 ஓய்வூதியத் திட்டத்தில், உறுப்பினர் இறந்துவிட்டால் பிள்ளைகளுக்கு 25 வயதுவரைதான் ஓய்வூதியம். முழுமையாகவும் நிரந்தரமாகவும் பாதிக்கப்பட்ட பிள்ளை என்றால் வயது வரம்பே இல்லை. பிஎஃப் நாமினி படிவத்தில் குடும்ப விவரம் எழுதும்போது மூத்த மகனை மட்டும் எழுதிவிட்டு இந்தப் பிள்ளையை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இன்றைக்கே எடுத்துப் பார்க்க வேண்டிய தாள் அது.

திருவனந்தபுரத்துச் சீட்டு செல்லுமா?

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் பாதிப் பேருக்கு வைத்தியம் திருவனந்தபுரத்தில்தான். அங்கே எடுத்த ஸ்கேன், மருத்துவக் குறிப்பு எல்லாம் நம் போர்டுக்கு ஆதாரமாகக் கொண்டுபோகலாம். வசிக்கும் மாவட்டத்திலோ சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலோ சான்றுக்கு விண்ணப்பிக்க விதி இடம் கொடுக்கிறது, யூடிஐடி அட்டை நாடு முழுக்கச் செல்லும். ஆனால் உதவித்தொகை மாநிலத்துடையது. ரேஷன் கார்டும் குடியிருப்பும் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கேட்க முடியும். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாறசாலைக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இங்கே அம்மா வீட்டு முகவரியில் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தால், என்றைக்காவது ஆய்வு வரும்போது சிக்கல்தான்.

இல்லை என்று சொல்லிவிட்டால்

மருத்துவக் குழு மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாயால் 'வராதும்மா' என்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவு சான்றிதழ் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழி வைத்திருக்கிறது, அதற்கு அந்த எழுத்து வேண்டும். உதவித்தொகை விண்ணப்பம் தாலுகாவில் நகராமல் கிடந்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். பழைய விண்ணப்பத்தின் எண்ணை மனுவில் எழுதுங்கள், எண் இல்லாத மனுவைப் புது மனுவாக எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கும் மேலே சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார், கடிதம் எழுதினாலே போதும்.

40-க்குக் கீழே நின்றுவிட்டவர்களுக்கு உதவித்தொகை இல்லைதான். அதற்காக எல்லாமே இல்லை என்று ஆகிவிடாது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் நோயுள்ள விகாஷ் குமார் என்ற இளைஞர் சிவில் சர்வீஸ் தேர்வுக்குச் சொல்வதை எழுத ஆள் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்த வசதிக்கு 40 என்ற எல்லை பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் பிள்ளைக்கு 30 வந்திருந்தாலும் அந்த வெள்ளை அட்டையைப் பெட்டியில் போட்டுப் பூட்டாமல், கல்லூரியில் சேர்க்கும் அன்று ஒரு நகல் கொடுத்து, தேர்வில் என்ன வசதி வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.